அதிபரைக் கேட்கப் பிரெடெரிசியா போனது

1988 மாசி, ஒரு சனிக்கிழமை. டென்மார்க்கில் நான் இருந்த இக்காஸ்டுக்குக் காலை 8.10க்கு வரவேண்டிய ரயில் 8.40க்குத்தான் வந்தது. ஹெர்னிங்கில் அடுத்த வண்டியைத் தவறவிட்டு ஒரு மணி நேரம் குளிரில் நின்றேன். பத்துக் குறோணர் கொடுத்து வாங்கிய கோப்பியை வாயில் வைக்க முடியவில்லை.

அந்த நாட்களில் எதைத் தொட்டாலும் எரிச்சல். குடும்பத்தைக் கூப்பிட இலங்கைத் தமிழர் கொடுத்த விண்ணப்பங்கள் டேனிஷ் அமைச்சில் கிடப்பில் கிடந்தன. "விசா வந்துவிடும், வேலையை விடு" என்று நான் எழுதியதை நம்பி, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடமொன்றில் உப அதிபராக இருந்த என் மனைவி சாரதா பதவி விலகி, பதினான்கு மாதமாகக் கொழும்பு விடுதியொன்றில் காத்திருந்தாள்.

பிரெடெரிசியாவில் 11.50. என்னைக் கூட்டமொன்றுக்கு அழைத்திருந்த நண்பர் பத்மன் அண்ணை நிலையத்தில் நின்றார்.

"கூட்டம் துவங்கிட்டுது, கெதியா வாங்கோ."

பேச வந்தவர் மிசிஸ் லூயிசா. முன்பு டென்மார்க் ஆண்டு, பிறகு விற்றுவிட்ட கரிபியன் தீவொன்றில், தன் ஊர்ப் பள்ளிக்கு அதிபரான முதல் கறுப்பினப் பெண். பின்னாளில் சட்டசபை உறுப்பினர். தலைமை தாங்கிய டேனிஷ்காரரோ "எங்கள் பழைய தீவுகள்", வெயில், கரும்பு என்று இருபது நிமிடத்தைத் தின்றார். மிசிஸ் லூயிசா எழுந்தார்.

"நீங்கள் எங்களை விற்று எழுபது வருடமாகிறது. இனி நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசலாமா?" என்றார் ஆங்கிலத்தில்.

கல்யாணமானதும் ஆசிரியர் வேலையிலிருந்து அவரை விலகச் சொன்னார்களாம், மறுத்துவிட்டார். அதிபர் பதவி மூன்று முறை கைநழுவியது. மூன்று முறையும் அவரிடம் வேலை பழகிய ஆண்களுக்கே போனது. நாலாம் முறை கிடைத்தது. ஒழுகும் வகுப்பறைக்குக் கூரை கேட்டு அலைந்து அலுத்துப்போய்த்தான் தேர்தலில் நின்றார்.

கேள்வி நேரத்தில் சாரதாவின் கதையைச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"வேலையை விட அவருக்கு விருப்பமிருந்ததா?"

"நான் கேட்கவில்லை."

"இப்போதாவது கேளுங்கள்" என்றவர், அடுத்த கேள்விக்குத் திரும்பிவிட்டார்.

வெளியே வந்து பத்மன் அண்ணையிடம் புறுபுறுத்தேன். "அமைச்சைப் பற்றி ஒரு கதையில்லை. என்னைப் பிடிச்சிட்டா."

"அவ கேட்டதில என்ன பிழை?" என்றார் அவர்.

மூன்று மணிக்கு நிலையத் தொலைபேசியில் விடுதிக்கு எடுத்தேன்.

"சாரதா, உமக்குத் திரும்பப் படிப்பிக்க விருப்பமே?"



"போன மாசமே இஞ்ச ஒரு பள்ளிக்கூடத்தில சேர்ந்திட்டன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. நீங்கள் கோவிப்பியள் எண்டு சொல்லேல்லை."

"அப்ப விசா வந்தால்?"

"தவணை முடியட்டும். வாறன்."

ரயில் புறப்பட்ட பிறகுதான் உறைத்தது. சாரதா ஒரு மாதமாக வகுப்பெடுத்துக்கொண்டிருக்க, அவள் விடுதியறையில் சும்மா இருந்து வாடுகிறாள் என்று நான் ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.