புளியங்குடிக்கு ஒரு ரயில்

புளியங்குடிக்கு ரயில் கிடையாது. எண்பதுகளில் சங்கரன்கோவில் தையல்காரர் ஒருவர் அந்தப் பாதையைத் தம் கடை வாசலில், ஒரு மேசைமேல் போட்டுவிட்டார். பவுடர் டப்பாவில் இன்ஜின், சோப்பு டப்பாக்களில் பெட்டிகள், டார்ச் பேட்டரியில் ஓட்டம். டீக்கடைக்காரரும் ஒரு தறி மெக்கானிக்கும் கூட்டாளிகள். சாயங்காலமானால் மூவரும் சிரிப்பும் சண்டையுமாக அங்கேதான் இருப்பார்கள்.

கழுத்தில் டேப்போடு நிற்கும் தையல்காரருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புளியங்குடி முனையில் டீக்கடைக்காரர் நின்று, எதிரே வண்டி இல்லை, வரலாம் என்று ‘லைன் கிளியர்’ சொல்லாமல் வண்டியை நகர்த்தமாட்டார்.

ஆடித்தபசுத் திருவிழா அன்று ஓர் அதிகாரி குடும்பத்தோடு ஜீப்பில் வந்து இறங்கினார். “ஓட்டும்வே, பாப்போம்.”

“புளியங்குடி ஸ்டேஷன் மாஸ்டர் கடையில டீ ஆத்துதாரு சார். அவரு வந்து லைன் கிளியர் குடுக்கட்டும்.”

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. மேசை தெருவுக்கு இடைஞ்சலாம், உடனே எடுக்க வேண்டுமாம். நோட்டீஸ் கொடுத்து, அவகாசமும் கொடுத்த பிறகுதான் எதையும் அகற்றலாம் என்று, நகராட்சி அலுவலகத்தில் அத்தகைய நோட்டீஸ்களை எழுதியே காலம் தள்ளிய நான் எடுத்துச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ஆட்கள் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தையல்காரர்மேல் பாய்ந்தேன். “ஒரே ஒரு தடவ ஓட்டிக் காட்டியிருந்தா என்னவே?”

நசுங்கிய இன்ஜினை எடுத்துக்கொண்டே அவர் கேட்டார்: “எதிர்ல ஒரு வண்டி வந்திருந்தா யாரு பதில் சொல்லுவா, அண்ணாச்சி?”

அவர்களிடம் இருந்ததே ஒரு வண்டிதான். அந்த அதிகாரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்த மனிதரை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.