பெட்டிக்குள் இருந்த வெள்ளைக் குளிசை

என் தம்பியின் அடிவயிற்றில் வலப்பக்கம் இருக்கும் சிறுநீரகம் என்னுடையது. அவனுடையவை இரண்டும் பழுதாகிப் போனதால் கொடுத்தேன். இதைச் சொன்னால் சனம் என்னைப் பெரிய தியாகியாகப் பார்க்கத் தொடங்கிவிடும். எனக்கு அது பிடிக்காது. இரண்டு இருந்தது, ஒன்றைக் கொடுத்தேன். அவ்வளவுதான். ஆனால் அவனுக்கு ஒரு தும்மல் தடிமன் வந்தாலும் எனக்கு நித்திரை போய்விடும்.

நான் வெள்ளவத்தையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளர். தம்பி கொட்டாஞ்சேனையில் இருக்கிறான், துறைமுகத்தில் எழுதுவினைஞன். வந்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியமென்று தாக்காமலிருக்க அவன் காலையும் மாலையும் ஒரு குளிசை போட வேண்டும். அதன் அளவு இரத்தத்தில் குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கும். கூடினால் அந்தக் குளிசையே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதோடு, அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கி வைத்திருப்பதால் கொரோனா என்ற சொல்லே எங்கள் வீட்டில் பயத்தோடுதான் உச்சரிக்கப்பட்டது.

பயந்தால் வாசிப்பது என் பழக்கம். ஊரடங்குக் காலத்தில் கடையால் வந்து, சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தொலைபேசியில் விரிவுரைகளாகப் பார்த்துத் தள்ளினேன். அப்போதுதான் அந்த வைரஸின் ஒரு நொதியத்தை, என்சைமை, அறிந்தேன். வைரஸ் நம் உயிரணுவுக்குள் புகுந்ததும் தனக்கு வேண்டிய கருவிகளைத் தனித்தனியாகச் செய்வதில்லை. எல்லாவற்றையும் ஒட்டவைத்து ஒரே நீளச் சங்கிலியாகச் செய்விக்கிறது. அந்தச் சங்கிலிக்குள்ளேயே ஒரு கத்தரிக்கோலும் இருக்கிறது, அதுதான் அந்த நொதியம். அது முதலில் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வருகிறது. பிறகு மற்றவற்றை வெட்டி விடுகிறது. தன்னைத் தானே வெட்டி எடுக்கும் கத்தரிக்கோல்! நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றுவிட்டேன். கொல்ல வந்த சனியனை இப்படி ரசிக்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

இன்னொன்றும் அறிந்தேன். குகைகளில் பூச்சி பிடித்துத் தின்னும் சின்ன வௌவால்களிடம் இதே குடும்பத்து வைரஸ்கள் எத்தனையோ இருக்கின்றன. அந்த வைரஸ்களின் மேற்புறம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் கத்தரிக்கோலின் வாய் பெரும்பாலும் ஒரே மாதிரியே இருக்கிறது. அது மாறினால் வெட்டு பிசகும், வைரஸ் பிழைக்காது. ஆகவே அந்த வாயில் போய் இறுகிக்கொள்ளும் ஒரு மருந்து, இன்னும் எந்த மனிதரையும் தொடாத வைரஸுக்கும் பொருந்தக்கூடும். யோசிக்க யோசிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வௌவால்களோ இவ்வளவையும் சுமந்துகொண்டு நோயென்று படுக்காமல் பறந்து திரிகின்றன. பின்னேரங்களில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலால் போகும் பழந்தின்னி வௌவால்கள் வேறு வகை என்று தெரியும். என்றாலும் அண்ணாந்து மரியாதையோடு பார்த்தேன். காயப்போட்ட சேலையில் அவை எச்சமிட்ட அன்று மட்டும் மரியாதை கொஞ்சம் குறைந்தது.

பிறகு, அந்த வாயை அடைக்கும் குளிசை வெளிநாடுகளில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டேன். கனடாவில் இருக்கும் எங்கள் பெரியக்காவுக்குக் கொரோனா வந்தபோது அதை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் போடவில்லை. "தம்பிக்குத் தேவைப்படும், வச்சிரு" என்று, கல்யாணத்துக்கு வந்த ஒருவரிடம் சொக்லேட்டுகளோடு கொடுத்தனுப்பினாள். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கடையில் நிற்க வைத்து ஏசியிருப்பேன். ஆனால் நான் அந்தப் பெட்டியை அலுமாரியில் நகையோடு நகையாக வைத்தேன்.

போன வருடம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. சோதித்தால் கொரோனா. காலையிலேயே பெட்டியோடு கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். வாசலில் முகக்கவசத்தோடு நின்றவனிடம் பெட்டியிலிருந்து அந்த வேளைக்குச் சேர்த்துப் போடவேண்டிய இளஞ்சிவப்புக் குளிசையையும் வெள்ளைக் குளிசையையும் எடுத்துக் கொடுத்தேன். "இப்பவே போடு, நான் பாக்க வேணும்" என்றேன். போட்டான். அந்தக் கத்தரிக்கோலின் வாய் அடைபடுவதைக் கண்ணால் கண்டதுபோல் நான் பூரித்து நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில், பெட்டிக்குள் இருந்து எடுத்துவந்த தாளை விரித்து வாசித்தேன். எச்சரிக்கைக்காக வாசிக்கவில்லை, ஆசைக்கு வாசித்தேன். வைரஸைத் தடுப்பது இளஞ்சிவப்புத்தான். வெள்ளை வைரஸை ஒன்றுமே செய்யாது. இளஞ்சிவப்பை நம் ஈரலில் உள்ள ஒரு நொதியம் விரைவாக உடைத்துவிடும், அந்த நொதியத்தை முடக்கத்தான் வெள்ளை. எதிரியின் நொதியத்துக்கு ஒன்று, எங்கள் நொதியத்துக்கு ஒன்று. என்ன மூளை என்று வியந்துகொண்டிருந்தவளுக்குக் கொள்ளுப்பிட்டிக்குக் கிட்டத்தான் மற்றது உறைத்தது. தம்பியின் சிறுநீரகக் குளிசையை உடைத்து வெளியேற்றுவதும் ஈரலின் அதே நொதியம்தான். அன்று காலையும் அவன் அதைப் போட்டிருந்தான்.

இதை நான் படித்தவள், பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவள். கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் "வேற என்ன மருந்து பாவிக்கிறீங்க?" என்று கேட்காமல் ஒரு குளிசை கொடுத்ததில்லை. சொந்தத் தம்பியிடம் கேட்கவில்லை. என்ன பாவிக்கிறான் என்று எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

பஸ்ஸால் இறங்கி, தெருவோரத்தில் நின்று தம்பியின் சிறுநீரகக் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். தாதி டொக்டரிடம் கொடுத்தார். சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்றார். சொன்னேன். அவர் ஏசவில்லை. கொரோனாக் குளிசைகளையும் சிறுநீரகக் குளிசையையும் நிறுத்தி, உடனே கொண்டுவந்து சேர்க்கச் சொன்னார். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

மறுநாள் இரத்தத்தில் அந்தக் குளிசையின் அளவு இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு. சிறுநீரகம் சோர்வதைக் காட்டும் எண்ணும் ஏறத் தொடங்கியிருந்தது. வைரஸுக்கு வேறு மருந்தை ஊசியால் ஏற்றினார்கள். அது கத்தரிக்கோலைத் தொடாது, வைரஸ் தன்னைப் படியெடுக்கும் இன்னொரு நொதியத்தைக் குழப்புவது. ஏறிய அளவைக் குறைக்க மருந்து இல்லையா என்று கேட்டேன். "ஈரல்தான் குறைக்க வேண்டும்" என்றார் டொக்டர். முடங்கிய நொதியம் இனி வேலை செய்யாது, ஈரல் புதிதாகச் செய்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நான்கு நாட்கள். கடையில் மருந்துச் சிட்டை வாசிக்கும்போதும் அதே நினைவுதான். அங்கே ஆஸ்பத்திரி வாட்டுக் கட்டிலில் தம்பி படுத்திருக்க, அவனுடைய ஈரல், யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், நான் கெடுத்த நொதியத்தைத் துளித்துளியாகத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. பெரிய ஆய்வுகூடங்கள் கண்டுபிடித்ததைப் பார்த்து வாய்பிளந்தவள் நான். இது கொட்டாஞ்சேனை எழுதுவினைஞன் ஒருவனின் வயிற்றுக்குள் நடந்தது. இதைவிடப் பெரிய அதிசயத்தை நான் இன்றுவரை காணவில்லை. வாயெல்லாம் மன்றாட்டாக இருந்தது. மாதாவிடமா ஈரலிடமா கேட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அளவு இறங்கியது. அடுத்த நாள் மற்ற எண்ணும் இறங்கியது. சிறுநீரகம் தப்பிவிட்டது.

கூட்டிக்கொண்டு வர நான்தான் போனேன். ஓட்டோவில் ஏறியதும், ஒரு கிழமையாக அடக்கிய பயமெல்லாம் கோபமாக வந்தது.

"ஒவ்வொரு கிளினிக்கிலயும் சொல்றாங்கதானே, தங்களைக் கேக்காம ஒரு குளிசையும் போட வேண்டாமெண்டு. நீ ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாமே?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க தந்தது, அக்கா. நீங்க தாறதை நான் எப்ப விசாரிச்சு வாங்கினனான்?"

ஓட்டோச் சத்தத்தில் கேட்கவில்லையென்று நினைத்து இன்னொருதரம் உரத்துச் சொன்னான். எனக்கு முதல்தரமே கேட்டுவிட்டது.