அண்ணன் பாடி முடிக்காத பாட்டு

என் அண்ணன் ஒரு காலத்தில் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கொஞ்சம் பேர் எடுத்த பாட்டுக்காரன். சர்ச்சில் கற்ற கிடாரோடு பறையும் டிரம்ஸும் சேர்த்துக்கொண்டு, கம்பெனி வேலையைப் பற்றியும் காண்ட்ராக்ட்காரனைப் பற்றியும் தானே பாட்டு கட்டிப் பாடுவான். நண்பர்கள் அதை நாட்டுப்புற ராக் என்றார்கள். அப்பா கூச்சல் என்றார். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் பிராக்டிஸ். அப்புறம் ஆளுக்கொரு ஷிப்ட், ஆளுக்கொரு கல்யாணம் என்று குழு கலைந்துபோனது. அண்ணன் இப்போது காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.

போன வருடம், டிரம்ஸ் வாசித்தவர் தன் பழைய போனில் கிடந்த பிராக்டிஸ் ரெக்கார்டிங்குகளை எல்லாம் ஒரு லிங்க்காக அனுப்பிவைத்தார். அண்ணன் அதை அப்படியே என் தலையில் கட்டினான்.

"நீதான் பொறுமையா கேப்ப. நல்லா வந்தத மட்டும் பிரிச்சுக் குடு. யூட்யூப்ல போடச் சொல்லி பசங்க கேட்டுக்கினே கீறானுங்க."

"ஏன், நீ கேக்க மாட்டியா?"

"என் கொரல நானே கேட்டா பேஜாராவுது."

நான் மணவாள நகரில் குடியிருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கேட்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸில் போகவரும்போதுதான். எந்த ரெக்கார்டிங்குக்கும் பெயர் கிடையாது, வெறும் நம்பர். ஒன்றில் முழுக்க முழுக்க கிடாருக்குச் சுருதி கூட்டுகிறார்கள். இன்னொன்றில் யாரோ மைக்குப் பக்கத்திலேயே பஜ்ஜி தின்கிறார்கள். கீழேயிருந்து அம்மா அண்ணனைக் கூப்பிடுகிறாள், பாட்டைவிட அது தெளிவாகக் கேட்கிறது.

எல்லோரும் கேட்பது கம்பெனிச் சங்கைப் பற்றிய பாட்டைத்தான். அது திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் ஒரு தடவைகூட முடிவதில்லை. கம்பி அறுகிறது, கரண்ட் போகிறது, யாருக்கோ போன் வருகிறது. எதுவும் இல்லாவிட்டால் அண்ணனே, "நிறுத்து நிறுத்து, தாளம் பூட்ச்சி" என்று கத்துகிறான். இரண்டாவது சரணம் வரும்போதெல்லாம் எனக்குப் பயமாகிவிடும், இதோ இப்போது கெடுக்கப்போகிறார்கள் என்று. கெடுத்தார்கள். வீட்டில் இயர்போனைக் கழற்றி எறிந்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "உங்க அண்ணன் பாட்டு, உனுக்கு எதுக்கு டென்ஷன்?"

மழை பெய்த ஒரு காலையில், பஸ்ஸில், மிகப் பழைய ரெக்கார்டிங் ஒன்று வந்தது. டிரம்ஸ் இல்லை, கிடார் மட்டும். சங்குப் பாட்டின் மெட்டை அண்ணன் மெதுவாக வாசித்துப் பார்க்கிறான்.

"சூப்பரா கீதுடா. எங்கேந்து புட்ச்ச?" இது டிரம்ஸ்காரர்.

"கீழ என் தங்கச்சி துணி தொவைக்கும்போது இன்னாத்தையோ பாடிக்கினு இருந்தா. அத்தயே கொஞ்சம் ஸ்பீடா போட்டேன்."

"அப்ப தங்கச்சியவே பாட வெக்கலாமே?"

"அதெல்லாம் வேணாம்பா. ஊட்ல ஒத்துக்க மாட்டாங்க."

உடனே கதவு தட்டும் சத்தம். "அண்ணா, டீ," என்று ஒரு பெண் குரல். என் குரல்தான். "வெச்சுட்டு கதவ சாத்திக்கினு போ," என்கிறான் அண்ணன்.

பஸ் கம்பெனி வாசலில் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் தோளைத் தட்டினாள். அன்று முழுவதும் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டே அந்த மெட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சர்ச் திருவிழாவில் ஊரே அந்தப் பாட்டுக்குக் கைதட்டியபோது நானும் கீழே நின்று கைதட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தில் பஸ் மாறி கும்மிடிப்பூண்டி போனேன். அண்ணன் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினேன். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, டிரம்ஸ்காரன் கொரலு அப்ப இன்னா சன்னமா கீது!"

"அத்த வுடுண்ணா. அது என் மெட்டா?"

"ஆமா. நீ பாடிக்கினு இருந்ததுதான். உனுக்குத் தெரியாதா?"

"நீ சொன்னியா எங்கிட்ட?"

"சொல்லல?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

"அப்பாகிட்ட ஒருவாட்டி கேட்டுப் பாத்திருக்கலாம்ல, நானும் பாட?"

"கேட்டிருந்தா ரூமையே காலி பண்ணச் சொல்லியிருப்பாரு. அப்புறம் நானும் பாட முடியாது."

அது உண்மைதான். அதனாலேயே இன்னும் ஆத்திரம் வந்தது. அண்ணன் கையைக் கழுவிவிட்டு, பீரோ மேலிருந்து கிடாரை இறக்கினான். "வா, இப்பப் பாடு. யாரு வேணாங்கிறா?" பாடினேன். ஒரு வரி முடிவதற்குள் நிறுத்தினான்.

"அங்க இழுக்கக் கூடாது."

"மொதல்ல அப்படித்தாண்ணா இருந்துச்சி."

"மேடைக்கு அது சரிப்படாது."

"இங்க எங்க கீது மேடை?"

அண்ணி குறுக்கே வந்து இரண்டு பேரையும் அடக்கினாள். நான் சாப்பிடாமல் கிளம்பினேன். வேண்டுமானால் நீயே கேட்டுப் பிரித்துக்கொள் என்று வாசலில் சொல்லிவிட்டு வந்தேன்.

அவன் கேட்டானோ இல்லையோ, கம்பி அறுந்துபோகும் ரெக்கார்டிங் ஒன்றை அப்படியே யூட்யூபில் போட்டுவிட்டான். பாட்டு, மெட்டு இரண்டுக்கும் அவன் பெயர். போன் செய்து சண்டை போட்டேன். "சரி, மாத்துறேன்" என்றான். மாற்றவும் செய்தான். மறுநாள் பார்த்தேன். 'மெட்டு: தங்கச்சி' என்று இருந்தது.

"எனுக்குப் பேரு இல்லயாண்ணா?"

"எல்லாருக்கும்தான் தெரியுமே, நீதான் என் தங்கச்சின்னு."

பாட்டுக்குக் கீழே யார் யாரோ வந்து அண்ணனைப் பாராட்டியிருக்கிறார்கள். மீதிப் பாட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். தங்கச்சி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நேற்று மறுபடி போன் செய்தேன். கிரேன் மேலே இருந்தானோ என்னவோ, எடுக்கவில்லை.