ஏழாவது கட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. புனிதர்கள் திருநாளில் எங்கள் மலையூர் டோடோஸ் சான்டோஸில் குடிக்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் நான் குடிக்கவில்லை. கோபத்தில் இருந்தேன். கோபம் வந்தால் எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. நடந்ததெல்லாம் பட்டப்பகலில். கைப்பேசியில் மணி பார்த்துப் பார்த்து வேலியோரம் நின்றவள் நான், அதனால் நேரம் உட்பட எல்லாம் நினைவிருக்கிறது. கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என் பெயர் ஒதிலியா. என் கணவர் செவெரீனோ. மலைச்சரிவில் சோளமும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைத்தோம். அந்த வருஷம் அவருக்குப் பந்தயத்தில் குதிரை ஓட்டும் ஆசை வந்தது. எங்கள் பந்தயத்தில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு மடக்கு சாராயம். திரும்பி வந்தால் இங்கே ஒரு மடக்கு. மாலைவரை இதேதான். பொழுது சாயும்போது சேணத்தில் உட்கார்ந்திருப்பவன் ஆண்பிள்ளை, அவ்வளவுதான்.

ஓட்டுகிறவன் பந்தயத்துக்கு முந்தைய இருபது நாளும் மனைவியோடு படுக்கக் கூடாது. அது வழக்கம். அவர் போர்வையைச் சுருட்டிக்கொண்டு குதிரை கட்டியிருந்த கொட்டகைக்குப் போனார். போகட்டும். ஆனால் அந்தக் கொட்டகைக்கும் பெட்ரோனாவின் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பெட்ரோனா கணவனை இழந்தவள். எனக்கு முன்னால் ஊரில் பேர்பெற்ற நெசவுக்காரி அவள்தான். அந்தச் சுவரை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று.

எங்கள் ஆண்களின் சட்டைக்குக் கழுத்துப்பட்டி அகலமாக இருக்கும், முதுகில் மடிந்து விழும். அதை நெய்வது மனைவி. பட்டியைத் தூரத்தில் பார்த்தே இது இன்னாருடைய கை என்று சொல்லிவிடுவோம். அவருடைய பந்தயச் சட்டைக்காக நான் புதிதாக ஒன்று யோசித்திருந்தேன். பத்துக் கட்டம். பத்தும் கத்தரிப்பூ நிறம். கட்டத்துக்கு ஒரு சோளக் குருத்து. யாருக்கும் காட்டவில்லை, அவரைத் தவிர. ஆறு கட்டம் முடிந்திருந்தபோது, பெட்ரோனா அவருக்குத் தினமும் சூடாகச் சோளக்கூழ் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்று காதில் விழுந்தது. அன்றே, இடுப்பில் கட்டி நெய்யும் தறியைச் சுருட்டினேன். கயிறு போட்டுக் கட்டி உத்தரத்தில் செருகினேன். "கை வலிக்குது, பழைய சட்டையே போட்டுக்கச் சொல்லு" என்று சொல்லியனுப்பினேன்.

திருநாளன்று காலை 7.50-க்குப் பந்தயம் தொடங்கியது. முந்தைய நாள் மழையில் பாதை முழுக்கச் சேறு. நானும் என் நாத்தனார் ஃபெலிபாவும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பதினொரு பேர். அவர் பழைய சட்டையில், தொப்பியில் சேவல் இறகு செருகிக்கொண்டு, ஒரு கால் மட்டும் வெள்ளையான செம்பழுப்புக் குதிரையில் போனார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

10.20. கூட்டமாகக் கடந்து போனார்கள். சும்மா எண்ணினேன். பன்னிரண்டு.

எல்லாருக்கும் முன்னால் ஒருவன் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு கால் வெள்ளையான செம்பழுப்புக் குதிரை. முதுகில் கழுத்துப்பட்டி. கத்தரிப்பூ நிறம். ஒவ்வொரு கட்டத்திலும் சோளக் குருத்து.

அது நான் யோசித்த பட்டி.

அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தேன். 10.34-க்கு மறுபடி வந்தான். இந்த முறை ஒவ்வொன்றாக எண்ணினேன். பத்துக் கட்டமும் முடிந்திருந்தது. ஏழாவது மட்டும் பச்சை.

பச்சை! என் கை பன்னிரண்டு வருஷமாக ஒரு நூல் தப்பியதில்லை. அப்படியானால் இது வேறொருத்தியின் கை. என் கட்டத்தைத் திருடி நெய்யத் தெரிந்தவளுக்கு ஏழு வரைக்கும் ஒழுங்காக எண்ணத் தெரியவில்லை. என் கட்டத்தை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பார்த்தது ஒரே ஒரு ஆள். என் புருஷன்.

"அக்கா, எத்தனை பேர் ஓட்டறாங்க?" என்று கேட்டேன்.

"பதினொண்ணு."

"முன்னால போறவனைச் சேத்தா?"

"முன்னால போறது உன் வீட்டுக்காரன்தானேடி. புருஷனையே அடையாளம் தெரியலையா? இருபது நாள் தனியா படுத்தா இப்படியா ஆகும்!" என்று சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு அவனையேதான் பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. மற்றவர்கள் தலைமுதல் கால்வரை சேறு, அவன் சட்டையில் ஒரு துளி இல்லை. மற்றக் குதிரைகளின் மூக்கில் ஆவி பறந்தது, அவன் குதிரைக்கு இல்லை. முனையில் எல்லாரும் குடிக்க நின்றார்கள், அவன் நிற்கவே இல்லை. இடது கையைச் சிவப்பு இடுப்புத் துணியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தான். ஒற்றைக் கையால் ஓட்டி வித்தை காட்டுகிறானாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முகம் மட்டும் ஒரு தடவைகூடத் தெரியவில்லை. வரும்போது தொப்பி மறைத்தது. போகும்போது முதுகு.

11.55-க்குச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். தறி உத்தரத்தில் அப்படியே இருந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே. பிரித்துப் பார்த்தேன். ஆறு கட்டம். அதற்குமேல் வெறும் நூல். மறுபடி கட்டிச் செருகிவிட்டு நேராகப் பெட்ரோனாவிடம் போனேன். வேலி முனையில் கூழ்ப்பானையோடு உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்குச் சட்டை நெய்து குடுத்தே?"

"நானா?"

"நடிக்காதே. ஏழாவது கட்டத்துல பச்சை போட்டது யாரு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கண்ணிலும் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை. "ஒதிலியா, கிட்ட வா. உன் முகமே எனக்குச் சரியா தெரியல. நான் தறியைத் தொட்டு மூணு வருஷமாச்சு. பச்சைக்கும் கத்தரிப்பூவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியுமா?"

நான் நம்பினேனா? இல்லை. சாமர்த்தியக்காரி, கண்ணை வைத்தே தப்பிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி. இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

2.40. பந்தயம் மறுபடி நடந்துகொண்டிருந்தது. என் கணவர் தனியாக விலகி வந்து என் எதிரில் குதிரையை நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது. குடிவெறியில் வரும் முகம் இல்லை அது. என்னை ஒரு மாதிரி சந்தேகமாகப் பார்த்தார்.

"ஒதிலியா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் கண்ணால பாத்தாச்சு."

"அப்போ உனக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்!"

"எனக்கு உடம்பு என்னவோ போல இருக்கு. நான் இறங்கிடட்டா?"

ஒரு வார்த்தை. இறங்குங்க என்று ஒரே ஒரு வார்த்தை. அது என் வாயில் வரவில்லை.

"இறங்கி எங்க போவீங்க? அவ வீட்டுக்கா? ஓட்டுங்க. பொழுது சாயறவரைக்கும் ஓட்டுங்க."

"யார் வீட்டுக்கு?" என்றார். நான் கைப்பேசியில் மணி பார்த்தேன். "சரி" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

3.50. மேகம் இறங்கியது. பாதையின் எதிர்ப்பக்கமே தெரியவில்லை. திருநாளுக்கு வாசிக்கும் மரிம்பா வாத்தியம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

3.58. குளம்புச் சத்தம். ஒவ்வொருவராக மங்கலாகக் கடந்தார்கள். அவனைக் காணோம். அப்பாடா என்று இருந்தது.

4.06. மரிம்பா நின்றது.

ஒரு சத்தமும் இல்லை...

என் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குதிரை போனது. ஓட்டமாகத்தான் போனது. ஆனால் குளம்புச் சத்தம் இல்லை. சேறு தெறிக்கவில்லை.

முதுகில் பட்டி. ஏழாவது, பச்சை.

அவ்வளவு பக்கத்தில் அப்போதுதான் தையலைப் பார்த்தேன். பட்டியைச் சட்டையோடு சேர்க்கும் இடத்தில் நான் இரண்டு முடிச்சுப் போட்டு ஒன்றை இடப்பக்கம் இழுத்துவிடுவேன். என்னைத் தவிர யாரும் அப்படிச் செய்வதில்லை.

இரண்டு முடிச்சு. ஒன்று இடப்பக்கம்.

"யாரு நீ?" என்றேன்.

அவன் திரும்பவில்லை.

அவன் பின்னாலேயே தடதடவென்று சத்தம். என் கணவர். குதிரையை அடித்து விரட்டிக்கொண்டு வந்தார். எதையோ கத்தினார். என்னைப் பார்க்கவே இல்லை.

"செவெரீனோ!"

மேகத்துக்குள் போய்விட்டார்.

4.12.

சத்தம்... ஈர மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி.

ஒரே ஒரு தடவை.

கழுத்து முறிந்திருந்தது. இடது கை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். பாதையில் ரத்தம் விழுந்தால் அந்த வருஷம் சோளம் நன்றாக விளையும் என்று யாரோ என் காதுபட ஆறுதல் சொன்னார்கள். அவர்களைச் செருப்பால் அடிக்கத் தோன்றியது.

மறுநாளே அடக்கம். பழைய சட்டை கிழிந்து ரத்தமாக இருந்தது. புதுச் சட்டையில்தான் அனுப்ப வேண்டும், வேறு வழியில்லை. தறியை இறக்கினேன். உட்காருவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். வீட்டிலிருந்த பச்சை நூல் அத்தனையையும் தேடியெடுத்து அடுப்பில் போட்டேன். ஒரு இழை விடவில்லை. எரிந்து முடியும்வரை பக்கத்தில் நின்றேன். ஃபெலிபா எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஏழாவது கட்டத்தை நெய்தேன். கத்தரிப்பூ. எட்டு. ஒன்பது. பத்து. பட்டியைச் சட்டையில் தைத்து முடித்தபோது ஜன்னல் வெளுத்தது.

காலை 6.15. ஃபெலிபா அவருக்குச் சட்டையைப் போட்டுவிட்டாள். ஒடிந்த கை தொங்கிக்கொண்டே இருந்தது. அதை மடக்கி, அவருடைய சிவப்பு இடுப்புத் துணியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள். நேற்றுப் பார்த்த அதே கட்டு. பட்டியைச் சரிசெய்ய அவரை ஒருக்களித்தபோது அவள் கை நின்றது.

"ஒதிலியா... எல்லாத்தையும் எரிச்சியே. அப்புறம் ஏன்டி இந்த ஒண்ணுல மட்டும் பச்சை?"

நான் எண்ணிப் பார்க்கவில்லை. எத்தனையாவது என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் பூசைக்கு ரோசெந்தோ வந்தான். அன்று என் கணவருக்குப் பக்கத்தில் ஓட்டிய பையன்தான் அவன். வந்தவன் உட்காராமல் நின்றான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வேற யாருக்காவது சட்டை நெய்து குடுத்தீங்களா?"

"என்னடா கேள்வி இது?"

"காலையிலேர்ந்து அண்ணன் அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. 'முன்னால போறவன் முதுகுல இருக்கறது என் பொண்டாட்டி கை. எனக்குக் கை வலிக்குதுன்னு சொல்லிட்டு எவனுக்கோ நெய்து குடுத்திருக்கா'ன்னு. அவன் மூஞ்சியைப் பாக்காம விடமாட்டேன்னு குதிரையை விரட்டிக்கிட்டே இருந்தாரு."

2.40-க்கு அவர் கேட்க வந்தது எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அவரைச் சந்தேகப்பட்டதுபோல அவரும் என்னை. எல்லாம் தெரியும் என்று நானே வேறு சொல்லியிருக்கிறேன்!

"முன்னால யாருடா போனது?"

"யாருமே இல்ல அண்ணி. அண்ணனுக்கு முன்னால ஒருத்தரும் போகல." அவன் குரலைத் தாழ்த்தினான். "கடைசில யாரையோ எட்டிப் பிடிச்ச மாதிரி பக்கவாட்டுல குனிஞ்சு பாத்தாரு. அந்தக் கோபமெல்லாம் அப்படியே இறங்கிடுச்சு. மெதுவா, 'அட... நானா?'ன்னாரு. அப்புறம்தான் விழுந்தாரு."

அன்றுதான் நான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன். அந்தப் பட்டியை நான் யாருக்கு நெய்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்மேல் சந்தேகம் இல்லாமல்தான் போனார். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் இருக்கிறேன்.

ஆனால் அவர் அதைப் பார்த்தபோது மணி 4.12. அந்த நேரத்தில் என் தறி உத்தரத்தில், கட்டிய கயிற்றோடு இருந்தது. ஏழாவது கட்டம் அப்போது இன்னும் வெறும் நூல்.