துரைக்கு வாங்கி வந்த கேம் பெட்டி

லிஃப்ட்காரர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அவருடைய கம்பெனியில் ஒருவரும் இல்லை. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பினால் ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்குவார். மோட்டார் அறைகளில் தலையை இடித்துக்கொள்வார். பொழுது சாயும்போது கிரீஸ் கையோடு திரும்பி, மூன்று மாடியையும் நடந்தே ஏறுவார். தனக்கு மட்டும் என்றால் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாட்களில் துரையை முதுகில் சுமந்துகொண்டு அந்தப் படிகளில் இறங்க வேண்டியிருந்தது. அதுதான் உறுத்தல்.

துரை அவர் மனைவியின் தம்பி. அது அவனுடைய உண்மையான பெயர் இல்லை. சாய்ந்து படுத்தபடியே தண்ணீர் வேண்டும், தலையணையை ஏற்றிவை, ஃபேனைக் குறை என்று ஏவிக்கொண்டிருந்தவனுக்கு லிஃப்ட்காரர் வைத்த பெயர் அது. அவனும் அதற்குத் தகுந்த மாதிரி, "துரைக்குக் காபி ஆறிப்போச்சு, என்ன பண்றீங்க எல்லாரும்?" என்று அதட்டுவான். அப்பா அம்மா போனபிறகு அக்காவோடு இந்த வீட்டுக்கு வந்தவன். "மத்தவங்களுக்கு நகையும் பாத்திரமும் வரும், உங்களுக்கு நான் வந்திருக்கேன் மாமா" என்பான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஓடுகிற இடத்தில் எல்லாம் விழ ஆரம்பித்தான். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கிற நோய் என்றார்கள். முதலில் கால் போனது, அப்புறம் முதுகு. இருபது வயதைத் தாண்டியபோது கைகளின் முறை வந்தது. அவன் உயிரை வைத்திருந்ததே அந்தக் கைகளில்தான். பழைய சிநேகிதன் ஒருவன் விட்டுப்போன தேய்ந்த கேம் பெட்டியில் நாள் முழுக்கக் கால்பந்து ஆடுவான். திரையில் ஓடுகிறவன் எல்லாம் தானே என்பது போல மூச்சு வாங்குவான். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மக்கர் பண்ணின. ஓரத்து பட்டன்கள் எட்டவில்லை. கட்டைவிரலை மட்டும் வைத்துக்கொண்டு எதிரணியிடம் வரிசையாகத் தோற்றான். ஒரு நாள் பெட்டியை அணைத்தவன் மறுபடி போடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புது வகை கன்ட்ரோல் பேனலில் பயிற்சி எடுக்க லிஃப்ட்காரரை வெளிநாட்டுக்கு அனுப்பக் கம்பெனி முடிவுசெய்தது. சேதியைக் கேட்டதும் துரை ஃபோனில் எதையோ தேடி எடுத்து, "மாமா, இதைப் பாருங்க" என்றான். சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு பலகை. அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்கு பட்டன்கள். விரல் வேலைசெய்யாதவர்கள் கையால், முழங்கையால், ஏன், கன்னத்தால்கூட அமுக்கி ஆடலாமாம். ஆனால் அது புதுப் பெட்டியோடுதான் சேரும். பெட்டியும் பலகையும் இந்த நாட்டில் விற்பனைக்கு வரவில்லை.

"அங்க வாங்கினா இங்க ஓடுமா?"

"ஓடும் மாமா. எந்த ஊர் கரண்டா இருந்தாலும் அது தாங்கும். பிளக்கு மட்டும் இங்க சேராது, அதுக்கு ஒரு அடாப்டர் போதும். கேம் டிஸ்க்கை அங்கயே வாங்கிடுங்க. ஆன்லைன்ல கணக்கு ஒண்ணு திறக்கணும், அதை நான் பாத்துக்கறேன்."

மனைவி அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தபால் அலுவலகக் கவுன்டரில் நாள் முழுக்க அடுத்தவர் குறையைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டவள். அவருடைய பயணத்துக்குப் பெட்டி கட்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அதை வாங்கிட்டு வராதீங்க."

"ஏன், ஆசைப்படறான்ல?"

"ஆசைப்படறான்னுதான் சொல்றேன்."

சட்டைகளை மடித்துத் திணித்தாள். செலவுக்குப் பயந்து சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

போன ஊரில் பயிற்சி முடிந்த மாலைகளில் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு பெரிய கடையின் மாடியில் அந்தப் பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நட்டும் போல்ட்டும் விசாரிக்கிற அளவுக்குத்தான் அவருக்கு இங்கிலீஷ் வரும். விற்பனைப் பெண் பொறுமைசாலி. எந்த நாட்டில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பழுதானால் அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள், கேரன்ட்டி இந்த நாட்டோடு சரி என்று கையாலும் வாயாலும் விளக்கினாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே பட்டனை அமுக்கிப் பார்த்தார்.

வாழ்க்கை முழுக்க பட்டன்களோடு கிடந்தவர் அவர். எந்த பட்டனுக்கு எந்த விரல் போதும், எதற்கு முழுக் கையும் வேண்டும் என்பது தொட்டவுடன் தெரிந்துவிடும். இதற்குக் கொஞ்சம் அழுத்தம் வேண்டியிருந்தது. நல்ல கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கிளம்புகிற அன்று காலை, ஃபோனின் ஓரத்து பட்டனை அமுக்க முடியாமல் துரை அக்காவைக் கூப்பிட்டது அவர் கண்முன் வந்து நின்றது.

வீடியோவில் கூப்பிட்டார். துரையின் முகம் திரை முழுக்க வந்தது.

"கிடைச்சிருச்சா மாமா? அமுக்கிப் பாருங்க. லேசா இருக்கா?"

"லேசாதான் இருக்கு" என்றார் லிஃப்ட்காரர்.

சொன்ன பிறகு வாங்காமல் வர முடியாது. வாங்கிவிட்டார்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து டிவி மேசையின் தூசியைத் துடைத்துவிட்டுப் போனாள்.

பிளக்கு சேர்ந்தது, விளக்கு எரிந்தது, திரையில் படமும் வந்தது. கணக்கு திறக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டது. நாடுகளின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தார்கள். இவர்கள் நாடு அதில் இல்லை. "நம்மளை எல்லாம் உலகத்துலயே சேத்துக்கல மாமா" என்றான் துரை. வாங்கிய நாட்டையே போட்டார்கள். அந்த நாட்டு ஃபோன் நம்பரைக் கேட்டது, அந்த நம்பருக்கு ஓடிபி எண் ஒன்று வருமாம். அங்கே வாங்கிய சிம்மை விமான நிலையத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தது அப்போதுதான் லிஃப்ட்காரருக்கு உறைத்தது.

பயிற்சி கொடுத்த மனிதரின் நம்பர் கையில் இருந்தது. தயங்கித் தயங்கி அவருக்கு எழுதினார். நல்ல மனிதர், தன் நம்பரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஆனால் இங்கே இவர்கள் உட்காருகிற நேரத்தில் அங்கே அவர் வேலையில் இருப்பார், இல்லையென்றால் தூங்குவார். எண் வந்து அவர் பார்த்து அனுப்புவதற்குள் செல்லாமல் போய்விடும். வார விடுமுறைகள் இப்படியே கழிந்தன. ஒருவழியாக இரண்டு பக்கமும் ஒத்துவந்து கணக்கு திறந்தபோது, துரையின் இடது கை தோளோடு தொங்கிப்போயிருந்தது.

முதல் ஆட்டம் ஒரு மத்தியானம் நடந்தது. மடியில் தலையணை வைத்து, அதன் மேல் பலகையை வைத்து, அவனுடைய வலது கையைத் தூக்கி பட்டன் மேல் வைத்தார். அவன் கையால் அமுக்கவில்லை, உடம்பைச் சாய்த்து அமுக்கினான். திரையில் ஒருவன் பந்தோடு ஓடினான். இன்னொரு முறை சாய்ந்தான். பந்து வலைக்குள் போய் விழுந்தது. துரை சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீரோடு ஓடிவந்த அக்கா, செம்பைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டம் முடிகிறவரைக்கும் நின்று பார்த்தாள்.

"பட்டன் கொஞ்சம் கெட்டி மாமா."

"புதுசுல்ல. பழகப் பழக இளகிடும்."

அது தானாக இளகாது என்பது அவருக்குத் தெரியும். அடுத்த விடுமுறையில் பலகையைக் கவிழ்த்துப்போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினார். இங்கே செல்லாத கேரன்ட்டி ஸ்டிக்கர் கிழிந்தது. உள்ளே சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள். லிஃப்ட் கதவின் ஸ்பிரிங்கை இளக்குகிறவருக்கு இது ஒரு வேலையா? ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றை நறுக்கி மாட்டினார். துரை லேசாகச் சாய்ந்தாலே அமுங்கியது. "மாமா, நீங்க அந்தக் கம்பெனியிலயே வேலைக்குப் போயிருக்கலாம்" என்றான்.

சில வாரம் நன்றாக ஓடியது. பிறகு, "இன்னும் கொஞ்சம் இளக்க முடியுமா?" என்றான். இளக்கினார். மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி கேட்டான். அவர் நறுக்கி முடித்த அதே வேகத்தில் கையும் பலம் இழந்துகொண்டிருந்தது. கடைசியில் ஸ்பிரிங் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. பட்டன்கள் தம் எடையிலேயே கீழே இறங்கின. ஃபேன் காற்று பட்டாலே திரையில் இருந்தவன் மைதானத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தான், காலியான மூலையைப் பார்த்துப் பந்தை உதைத்தான். "பேய் புகுந்துடுச்சு மாமா" என்று சொல்லி இருவரும் சிரித்தார்கள். இரண்டாவது நாள் அது நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க ஆடுங்க. நான் சொல்லித் தர்றேன்" என்றான் துரை.

லிஃப்ட்காரர் பெட்டியோடு வந்த, விரலால் ஆடுகிற சாதாரண கைப்பிடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால்பந்து பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"மாமா, அந்தப் பக்கம் இல்ல. அது நம்ம கோல்."

"எல்லாம் ஒரே பச்சையா இருக்கே."

"பாஸ் பண்ணுங்க. பாஸ். ஐயோ, அவன் யாருன்னு தெரிஞ்சு குடுங்க."

வேலை முடிந்து வந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டே ஆடுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. எத்தனை ஆடியும் தேறவில்லை. துரையின் வசவு மட்டும் நாளாக ஆகச் சுருங்கியது. முழு வாக்கியம் போய் இரண்டு வார்த்தையானது. அப்புறம் 'இடது', 'வலது' மட்டும். அப்புறம் அதற்கும் மூச்சு போதாமல் முதல் எழுத்தோடு நின்றது. அவர் அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு பந்தைத் திருப்புவார். ஒரு நாள் அவன் எதுவுமே சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் கண்ணை மூடியிருந்தான். தூக்கம் இல்லை.

"அணைச்சிடட்டுமா?"

"ம்."

அந்த வாரமே சளி நெஞ்சில் இறங்கியது. லிஃப்ட்காரர் அவனை முதுகில் சுமந்து மூன்று மாடி இறங்கினார். அவன் கைகள் அவர் கழுத்தைச் சுற்றிப் பிடிக்கவில்லை. மனைவி பின்னால் வந்து ஒரு துண்டால் இருவரையும் சேர்த்துக் கட்டினாள். மருத்துவமனையில் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். உயிர் தங்கியது. குரல் போய்விட்டது. இனி மூச்சு மெஷினை விட்டு எடுக்க முடியாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மெஷின்களைக் கட்டில் ஓரத்தில் வைக்க வேண்டியிருந்தது. மூச்சுக்கு ஒன்று, சளி உறிஞ்சுவதற்கு ஒன்று, கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு பேட்டரிப் பெட்டி. சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டுகள் போதவில்லை. லிஃப்ட்காரர் கேம் பெட்டியின் பிளக்கை அடாப்டரோடு பிடுங்கினார். டிவியையும் கூடத்துக்கு மாற்றினார். துரை கண்ணைத் திறந்துகொண்டு அதைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

அன்று அடுப்படியில் மனைவி சொன்னாள்.

"எனக்குத் தெரியும். நீங்க வெளிநாடு போறதுக்கு முன்னாடியே டாக்டர் என்கிட்ட சொல்லிட்டார். கைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் மூச்சுன்னு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வாங்காம வந்திருப்பீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். அந்த பட்டன் துரைக்குக் கெட்டி என்று கடையிலேயே அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, துரையின் குழாய்களைக் கொதிக்கவைக்கப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தாள். முதுகு மட்டும் குலுங்கியது. அவர் அவள் தோளில் கை வைக்கப் போனார். "விடுங்க, தண்ணி சிந்துது" என்றாள்.

பெட்டியை விற்றுவிடலாம் என்று சொன்னதும் அவள்தான். ஃபோனில் படம் போட்டாள். பலநாள் கழித்து ஒரு கணவனும் மனைவியும் பார்க்க வந்தார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், மூன்று மாடி ஏறிய களைப்பிலும் சிரித்த முகம். கணவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது வெளிநாட்டு செட்டு ஆச்சே. இங்க ரிப்பேர் பாப்பாங்களா?"

"பாக்க மாட்டாங்க. ஆனா ஒரு குறையும் இல்ல" என்றார் லிஃப்ட்காரர்.

"கணக்கு?"

"அதுவும் அந்த நாட்டுதுதான். நம்பர் வேற ஒருத்தரோடது."

"அப்ப எதுக்குங்க அங்க போய் வாங்கினீங்க?"

உள்ளறையில் மெஷின் மூச்சை உள்ளே தள்ளுவதும் வெளியே விடுவதும் கேட்டது. அந்தப் பெண் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். திறந்த கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்துவிட்டாள். கணவனின் முழங்கையைத் தொட்டாள். அவன் பெட்டியைப் பதமாகக் கீழே வைத்து, ஸ்பிரிங் இல்லாத அந்தப் பலகையையும் அதன் மேல் வைத்து, "யோசிச்சுட்டு ஃபோன் பண்றோங்க" என்றான். அவன் பண்ணவில்லை. வேறு யாரும் கேட்டும் வரவில்லை.

லிஃப்ட்காரர் துரையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கண்ணை மேலே உயர்த்தினால் ஆமாம், கீழே தாழ்த்தினால் வேண்டாம் என்று பழக்கப்படுத்தியிருந்தார்கள்.

"மாப்ள, அது இங்கயே இருக்கட்டுமா? யாருக்காவது சும்மா குடுத்துடலாம்னா கீழ பாரு."

துரை மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. குழாயில் சளி கரகரக்க ஆரம்பித்தது. அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். லிஃப்ட்காரர் அவளுக்கு இடம் விட்டு எழுந்து, உறிஞ்சும் மெஷினின் சுவிட்சைப் போட்டார்.