தலைத்துணியோடு ஒரு படம்

சிகாகோவில், கறுப்பர்களான நாங்கள் வாழும் இந்தத் தெருவில், வெர்டெல் அக்கா எடுத்த படம் மாட்டாத வீடே இல்லை. பள்ளி முடித்தபோது என்னையும் காசு வாங்காமல் எடுத்தார். அவருடைய அம்மா மட்டும் மசியவே இல்லை.

“நாளைக்கு பார்லர் போய் முடி சுருட்டிட்டு வரேன்டி. ஞாயித்துக்கிழமை சர்ச் தொப்பியோட எடு. இந்தத் தலைத்துணியோட எடுத்தே, கேமராவ உடைச்சிருவேன்!”

அக்கா சிரித்துக்கொண்டே கேமராவை இறக்கினார். அன்று வெள்ளிக்கிழமை. இரவு தூக்கத்திலேயே அம்மா போய்விட்டார்.

அடக்கத்துக்கு முன் பார்லர்கார லுவெல்லா வந்து, அம்மாவின் முடியை அழகாகச் சுருட்டித் தொப்பி வைத்தார்.

“இப்ப எடுத்துக்கோ, வெர்டெல். ராணி மாதிரி இருக்காங்க.”

அக்கா கேமராவைத் தொடவில்லை.

“அழகாத்தான் இருக்காங்க, லுவெல்லா. ஆனா என்னைத் திட்டுற மொகம்தான் எனக்கு வேணும்.”