கியர்பாக்ஸுக்கு ஒரு பூசுதல்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. நெல்லித்தோப்பு சிக்னலில் பச்சை விழுந்தது. கியரை 'டி'யில் வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் உறுமியது. கார் நகரவில்லை.

ஒன்று... இரண்டு...

அப்புறம், பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு குதி குதித்துக் கிளம்பியது.

வெறும் இரண்டு விநாடிதானே என்பீர்கள். ஆனால் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய், மறுபடி வீட்டுக்கு வந்து, மூடியிருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு மூடுகிற ஆள் நான். அந்த இரண்டு விநாடிக்குள் கியர்பாக்ஸை அடக்கம் பண்ணி, முப்பதாம் நாள் பூசையும் வைத்து முடித்துவிட்டேன்.

கார் என்னுடையதாக இருந்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது. என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் அருள் – அதாவது என் மச்சான் – பிரான்சில் இருக்கிறார். வக்கான்ஸ் என்கிற லீவுக்கு ஊருக்கு வரும்போது ஓட்டுவதற்காக வாங்கிப் போட்ட கார் இது. பதினெட்டு வயசு. ஆட்டோமேட்டிக். அவர் இல்லாத நாளில் நான் ஓட்டிக்கொள்ளலாம், பதிலுக்கு நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கும் ஆட்டோமேட்டிக்தான் சரி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அரிசிக்கடையில் நின்றவன் நான். ஒரே நேரத்தில் மூன்று பெடலைக் கவனிக்கிற அளவுக்குப் படிப்பு கிடையாது.

மாசம் ஒரு தடவை மச்சான் வீடியோ காலில் வருவார். முதல் கேள்வியே இதுதான்.

"மாப்ள, விதான்ஜ் பண்ணினியா?"

ஆயில் மாற்றுவதைத்தான் அவர் விதான்ஜ் என்பார். "ஆச்சு மச்சான்" என்பேன். பொய் இல்லை... எஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கியர்பாக்ஸுக்கென்று தனி எண்ணெய் இருக்கிறது, அதையும் மாற்று என்று சாவியைக் கொடுத்த அன்றே இரண்டு தடவை சொல்லியிருந்தார். எட்டு வருஷம் ஓடிவிட்டது. ஏன் மாற்றவில்லை? நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைத் தொட எனக்குப் பயம். வேறு என்ன?

இப்போது அவர் குடும்பத்தோடு வருகிறார். இன்னும் பத்தே நாள். வந்ததும் இதே காரில் ஆறு பேர் வேளாங்கண்ணி போகணும். ஓட்டப்போவது நான். நடுவழியில் கியர்பாக்ஸ் படுத்துக்கொண்டால், எட்டு வருஷத்து "ஆச்சு மச்சான்" அத்தனையும் என்னோடு இறங்கி ரோட்டோரம் நிற்கும்.

புதன்கிழமை காலையிலேயே மெக்கானிக் தணிகாசலத்திடம் போனேன். வில்லியனூர்ப் பக்கம் கிராமத்துக்காரர். விடிந்தால் கரும்புத் தோட்டம், ஒன்பது மணிக்கு மேல் நெல்லித்தோப்பில் கார் ஷெட். இரண்டையும் ஒரே கோபத்தோடு பார்த்துக்கொள்வார்.

எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பானெட்டைத் தூக்கி, அளவு பார்க்கிற குச்சியை உருவினார். நுனியை விரலில் துடைத்து மோந்தார். என் மூக்குக்கும் நீட்டினார். தீய்ந்த புளிக்குழம்பு வாசனை.

"இத்த எப்பண்ணே மாத்தினீங்க?"

"மாத்தினதே இல்ல."

"அப்பத் தொடக் கூடாது."

"மாத்தாததுனாலதானே இப்படி ஆயிடுச்சி?"

"ஆமா."

"அப்ப மாத்தணும்தானே?"

"அதான் மாத்தக் கூடாதுன்றேன். இத்தினி வருஷமா அந்த அழுக்கப் புடிச்சிக்கினுதாண்ணே கியரே ஓடுது. புதுசு ஊத்தினீங்கன்னா வழுக்கிடும். ஒரு டாக்டரு, இதே மாதிரி பழைய வண்டி. நல்லாத்தான் இருந்திச்சி. ஆயில மாத்தினாரு... மறுநாளே படுத்துடுச்சி."

"மாத்தாம வுட்டா?"

"அதுவும் படுத்துடும்."

மாற்றினாலும் சாவு, மாற்றாவிட்டாலும் சாவு. இந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஸ்டெல்லா சொன்னாள்: "நீங்க யோசிச்சி முடிக்கறதுக்குள்ள அந்த ஆயிலு தானாவே மாறிடும்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆறு பேர் பாரத்தை இந்த கியர்பாக்ஸ் தாங்குமா, தாங்காதா? பார்த்துவிட்டால் போச்சு. பாரத்துக்கு எங்கே போவது? கடை முழுக்க அரிசி!

வியாழக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து இருபத்தைந்து கிலோ சிப்பங்களை ஏற்றினேன். முன் சீட்டில் மச்சான் – மூன்று சிப்பம், மேலே ஒரு பத்து கிலோ பை. பின் சீட்டில் ஸ்டெல்லாவின் அண்ணி, இரண்டரை. அவர்கள் பையன்கள் இரண்டு பேருக்கும் தலைக்கு இரண்டரை. ஸ்டெல்லாவுக்கு எத்தனை என்று எழுத மாட்டேன்... எனக்கு வீட்டுக்குத் திரும்பிப் போகிற வேலை இருக்கிறது. குழப்பம் வரக் கூடாது என்று ஒவ்வொரு மூட்டையிலும் சாக்பீஸால் பெயர் எழுதினேன். பெல்ட்டையும் மாட்டினேன். எடை மட்டும் சரியாக இருந்தால் போதுமா, ஆட்டமும் சரியாக இருக்க வேண்டாமா?

நம் ஊரோ தட்டையான ஊர். ஏற்றம் வேண்டுமென்றால் கோரிமேடுதான். நான்கு பேரையும் மச்சானையும் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போனேன். பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மூட்டைகளிடம், "பாத்தீங்களா, ஒண்ணும் ஆவல" என்றுகூடச் சொன்னேன்.

சொல்லியிருக்கக் கூடாது.

தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால், ஒரு பஸ்ஸுக்காக பிரேக் பிடித்தேன். பஸ் போனது. மிதித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து வரைக்கும் எண்ணினேன். எஞ்சின் கத்துகிறது, கார் தியானத்தில் இருக்கிறது.

செக்போஸ்ட்டிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"யோவ், வண்டிய எடு."

"நான் எடுக்கறேன் சார். அது எடுக்க மாட்டேங்குது."

குனிந்து உள்ளே பார்த்தார். அவர் முகம் மாறியது. எல்லை தாண்டுகிற இடத்தில், கார் நிறைய அரிசி மூட்டை! அதுவும் பெல்ட் போட்டுக்கொண்டு!

"ரேஷன் அரிசியா? எங்க கடத்திட்டுப் போற?"

"கடை அரிசி சார். எங்கயும் போவல. சும்மா ஒரு ரவுண்டு கூட்டிக்கினு வந்தேன்."

"கூட்டிக்கினு வந்தியா?" முன் சீட்டைக் காட்டினார். "இது என்னா 'மச்சான்'னு எழுதியிருக்கு?"

"மச்சான்தான் சார். பிரான்ஸ்லேர்ந்து வர்றாரு."

"இந்த மூட்டையா?"

"இல்ல சார். இது அவரோட எடை."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பிறகு, கொஞ்சம் பரிவோடு, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பில் புத்தகம் கையில் இருந்தது, காட்டினேன். மூட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு, தானே பின்னால் போய்த் தள்ளி, என் குடும்பத்தை ஒரு வேப்பமரத்து நிழலில் சேர்த்தார். "சூடு ஆறட்டும். யாராவது கூட இருந்தா வரச்சொல்லு" என்றார். காருக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து பைக்கில் வந்தார் எங்கள் பங்குச் சாமியார், ஃபாதர் அமல். முப்பது வயசு இருக்கும். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"தோத்திரம் ஃபாதர்."

"தோத்திரம். என்னாண்ணா, அரிசிக்கு மரத்தடியில ஜெபக் கூட்டமா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். எட்டு வருஷம், மச்சான், கருகிய எண்ணெய், மாற்றினால் செத்துவிடும் என்று தணிகாசலம் சொன்னது. ஃபாதர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்துக் காட்டினார். நோயாளிகளுக்குப் பூசுகிற மந்திரித்த எண்ணெய். அவஸ்தைப் பூசுதல் என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, அது.

"உங்க மெக்கானிக் சொல்றததாண்ணா என்னப் பத்தியும் சொல்றாங்க. போன மாசம் ஒரு வூடு. தாத்தா ரெண்டு வாரமா படுக்கை. 'ஃபாதரப் பாத்தா பயந்துடுவாரு'ன்னு என்னக் கூப்புடல. மூச்சு இழுக்க ஆரம்பிச்சப்புறம் போன். நான் ஓடிப்போயி நெத்தியில எண்ணெய் வெக்கறேன், அவரு போயிட்டாரு. அடக்கத்துல என் காதுபடவே பேசறாங்க – 'நல்லாத்தான் இருந்தாரு, சாமியார் வந்தாரு, முடிஞ்சிபோச்சி'ன்னு. இப்பல்லாம் நம்ம தெருவுல நான் பைக்க ஸ்லோ பண்ணாலே ஜன்னல சாத்தறாங்க."

"அப்போ எண்ணெய் மேல தப்பு இல்லியா ஃபாதர்?"

"எண்ணெய் என்னாண்ணா பண்ணும்? இன்னிக்கு ஒரு அம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடியே கூப்புட்டாங்க. பூசிட்டுக் கிளம்பறேன், 'டீ சாப்ட்டியா ஃபாதர்'னு அவங்க என்னக் கேக்கறாங்க."

எனக்கு மண்டையில் ஏதோ ஒரு கியர் விழுந்தது. அந்த டாக்டர் எப்போது எண்ணெய் மாற்றியிருப்பார்? கார் நன்றாக இருந்த நாளிலா? யார் மாற்றுகிறார்கள் அப்படி? இழுத்துக்கொண்டு கிடக்கும்போதுதான் மாற்றியிருப்பார். மறுநாள் படுத்ததும் பழி எண்ணெய் மேல். நல்லாயிருக்கும்போது கூப்பிட மாட்டோம், கடைசி மூச்சில் கூப்பிடுவோம், வந்தவனையே கொலைகாரன் என்போம்...

"ஃபாதர், ஒரே ஒரு சின்ன ஜெபம்..."

அவர் மூட்டைகளைப் பார்த்தார். "இவங்களுக்கா?"

அரை மணி கழித்து கார் மனசு இரங்கியது. அப்படியே ஷெட்டுக்கு விட்டேன். தணிகாசலமே ஓடி வந்தார்.

"அண்ணே, நேத்து எஞ்சின நிறுத்திட்டுப் பாத்தேனா? தப்பாம், பெரிய ஷெட்டுல கேட்டேன். இதுக்கு சூடாவறவரைக்கும் ஓட்டி, எஞ்சின் ஓடிக்கினு இருக்கசொல்லத்தான் பாக்கணுமாம்." அப்படியே பார்த்தார். எண்ணெய் குச்சியின் நுனியை மட்டும் நக்கிக்கொண்டிருந்தது. "அடப்பாவி, பத்தாமயே ஓடிக்கினு இருந்திருக்குதே!"

"மாத்திடுங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"மொத்தமா வேணாம். கீழ தட்டுல இருக்கறத மட்டும் எறக்குவோம். அது மூணுல ஒரு பங்குதான் வரும். மீதி உள்ளயே நிக்கும். புதுசு ஊத்துங்க, ரெண்டு நாளு ஓட்டுங்க, மறுபடியும் எறக்குவோம். மூணு தடவ. வண்டிக்கே தெரியாம மாத்திடலாம்."

இது பயந்தவனுக்கென்றே கண்டுபிடித்த வைத்தியம்!

முதல் தடவை இறங்கியது தார். தட்டில் இருந்த காந்தத்தில் இரும்புத் தூள் மாவு மாதிரி அப்பியிருந்தது. புது எண்ணெய் ரோஸ்மில்க் எசென்ஸ் சிவப்பு. எடுத்த அளவு, குறைந்த அளவு எல்லாம் சேர்த்து ஊற்றினார். இரண்டாம் தடவை காப்பி நிறத்தில் வந்தது. மூன்றாம் தடவை, பானகம். காரும் யோசிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் விட்டேவிட்டது.

ஒவ்வொரு தடவையும் இறங்கிய பழைய எண்ணெயை நான் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"இத்த எதுக்குண்ணே எடுத்துக்கினு போறீங்க?"

"புதுசு ஒத்துக்கலன்னா திருப்பி ஊத்திக்கலாம்ல?"

தணிகாசலம் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் போலீஸ்காரர் தெரிந்தார்.

மச்சான் வந்தார். ஆறு பேரும் வேளாங்கண்ணி போனோம். கார் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. திரும்பும்போது சிதம்பரம் தாண்டி டீக்கடையில் நிறுத்தினோம். மச்சான் என்னைத் தனியாகப் பார்த்து, "வண்டி நல்லா வச்சிருக்க மாப்ள. கியர் ஆயில் வருஷா வருஷம் மாத்துறியா?" என்றார்.

ஆச்சு மச்சான் என்று வாய் வரை வந்தது. மாதாவைப் பார்த்துவிட்டு வந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

"இல்ல மச்சான். போன வாரந்தான். மொத தடவ."

"எட்டு வருஷமா ஆச்சு ஆச்சுன்னியே!"

"அது எஞ்சினுக்கு."

டீயைக் கீழே வைத்தார். போச்சு, சாவியைப் பிடுங்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ அண்ணி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அங்க என் வண்டியும் ஆட்டோமேட்டிக்தான். பன்னெண்டு வருஷம். நானும் தொடல."

"ஏன் மச்சான்?"

"கராஜ்காரன் சொல்லிட்டான்... பழசு, தொட்டா போயிடும்னு."

பிரான்சிலும் ஒரு தணிகாசலம்! நான் ஃபாதர் சொன்னதைச் சொன்னேன். காந்தத்து மாவைச் சொன்னேன். மூன்று தடவை வைத்தியத்தைச் சொன்னேன். அரிசி மூட்டையை மட்டும் சொல்லவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டார். போனதும் முதல் வேலை அதுதான் என்றார். காரில் ஏறப்போனவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"மாப்ள... பழச எடுத்து வச்சிக்கணுமா?"

"வச்சிக்குங்க மச்சான். பன்னெண்டு வருஷப் பழக்கம். திடீர்னு கேட்டா எங்க போவீங்க?"

பத்து லிட்டர் கருப்பு எண்ணெய் இன்னும் என் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. தினமும் ஒவ்வொரு பாட்டிலாக, மூடியிருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.